அறிஞர் அண்ணாதுரையாரும் பிரிவினை வினாவும்

தோற்றுவாய்

கொங்கு நாட்டுக் குடியானவர் குடும்பங்களில் உடன்பிறந்தார் பாகம் பிரித்துக்கொள்ளுதல் புதியதன்று. நிலத்தை அளந்து வரப்பிடுவர். வீட்டின் நடுவே சுவர் எழுப்புவர். மாடு கன்றுகளையும் பண்ட பாத்திரங்களையும் பங்கிட்டுக்கொள்வர். ஆயினும் கிணற்றை மட்டும் எவராலும் வெட்டிப் பங்கிடல் இயலாது. அதனைப் பொதுவில் வைத்து, இன்னார்க்கு இன்ன நாள் முறையென்று வகுத்துக்கொண்டு நீர் இறைப்பர். முறை தவறாது நடக்குமளவும் அக்குடும்பம் பிரிந்தும் பிரியாததாயிருக்கும். ஒருவன் மற்றவனுடைய முறையை அபகரிக்கத் தலைப்படுவானாயின், ஒரே கூரையின்கீழ் உறைவோரும் பகைவராவர்.

நாடுகளின் செய்தியும் இத்தகையதே. பல இராச்சியங்கள் ஒன்றுகூடி ஓர் ஐக்கியமாய் அமைவதைச் சமஷ்டி என்றும் கூட்டாட்சி என்றும் கூறுவர். அங்ஙனம் கூடியவற்றுள் ஒன்று பின்னொரு காலத்துத் தனியே பிரிந்துபோக விரும்பின், அதற்கு உரிமை உண்டோ, இன்றோ? உண்டெனின், அவ்வுரிமையை அரசியற் சட்டத்திலேயே வரைந்துவைத்தல் தகுமோ? இன்றெனின், பிரிய வேண்டுமென்று ஒருவர் வாயால் கேட்பதையேனும் சட்டம் பொறுத்தல் வேண்டுமோ? இவை ஏட்டளவில் நின்ற வினாக்கள் அல்ல. 1938-ஆம் ஆண்டு முதல் 1963-ஆம் ஆண்டு வரை, ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம், நம் தமிழகத்து மேடைகளில் இவை இடையறாது ஒலித்தன. அக்காலத்தே பிரிவினையைப் பல்லாண்டு கேட்டவரும், பின்னர் அதனைக் கைவிட்டவரும், கைவிட்டபின் நாட்டையாளும் பொறுப்பேற்றவரும் ஒருவரேயாவர். அவரே அறிஞர் அண்ணாதுரையார். அவருடைய வாழ்க்கையை ஆராய்வோமாயின், மேற்கூறிய வினாக்களுக்கு விடைகாண ஒருவாறு வழி பிறக்கும் என்று நம்புகின்றோம்.

இளமையும் கல்வியும்

அண்ணாதுரையார் 1909-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15-ஆம் நாள் காஞ்சிபுரத்தில் ஓர் எளிய நெசவாளர் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் நடராசனார், தாயார் பங்காரு அம்மையார். இவரை வளர்த்து ஆளாக்கியவர் இவர்தம் சிற்றன்னையாராகிய இராசாமணி அம்மையார். காஞ்சியிலுள்ள பச்சையப்பன் பள்ளியில் பயிலுங்கால் வறுமை குறுக்கிட்டமையின், சிறிது காலம் நகராட்சி அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்த்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்து, பொருளியலும் அரசியலும் கற்று, 1934-ஆம் ஆண்டில் ஆனர்ஸ் பட்டப் படிப்பை முடித்தார். மாணாக்கராயிருந்தபோதே, 1930-ஆம் ஆண்டில், இராணி அம்மையாரை மணந்தார். ஆங்கிலம், தமிழ் ஆகிய இரு மொழிகளிலும் தங்கு தடையின்றிப் பேசும் ஆற்றல் அவருக்குக் கல்லூரி மேடையிலேயே வாய்த்தது.

திருப்பூரும் ஈரோடும்

அவருடைய வாழ்க்கை திரும்பிய இடம் நம் கொங்கு நாடே. 1934-ஆம் ஆண்டில் திருப்பூரில் நடைபெற்ற ஓர் இளைஞர் மாநாட்டிற் பேசவந்தவர், ஈரோட்டுப் பெரியாராகிய ஈ. வெ. இராமசாமியாரை அங்குச் சந்தித்தார். பெரியார் ஈரோட்டிற் செல்வமிக்க வணிகர் குடியிற் பிறந்தவர், அந்நகராட்சியின் தலைவராயிருந்தவர், காங்கிரஸில் உழைத்து, வைக்கத்தில் சிறை சென்று, 1925-ஆம் ஆண்டில் ஈரோட்டிலிருந்து ‘குடி அரசு’ இதழைத் தொடங்கிச் சுயமரியாதை இயக்கத்தை நடத்திவந்தவர். அரசாங்க உத்தியோகத்தை நாடியிருக்கக்கூடிய பட்டதாரி இளைஞர் அவருக்கே தொண்டராயினார். 1937-ஆம் ஆண்டில் ஈரோட்டிற்கு வந்து, ‘குடி அரசு’, ‘விடுதலை’ ஆகிய இதழ்களின் ஆசிரியப் பணியில் அமர்ந்தார். காவிரிக்கரை நகரமாகிய ஈரோடே அவருடைய அரசியற் பாடசாலை என்பது மிகையாகாது.

அதற்கு அடுத்த ஆண்டிலேயே நாடு கொந்தளித்தது. இராசகோபாலாச்சாரியாரின் மந்திரிசபை 1938-ஆம் ஆண்டில் சில உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாய பாடமாக்கிற்று. அதனை எதிர்த்து மறியல் செய்து ஆண்களும் பெண்களும் திரளாகச் சிறை புகுந்தனர். நடராசன், தாளமுத்து என்னும் இருவர் 1939-ஆம் ஆண்டில் சிறைப்பட்டிருந்தபோதே உயிர் நீத்தனர். அண்ணாதுரையாரும் நான்கு திங்கள் சிறைத்தண்டம் பெற்றார். 1940-ஆம் ஆண்டில் அக்கட்டாயம் நீக்கப்பட்டது. ஆயினும், வடக்கே எண்ணிக்கையில் மிக்கார் விரும்புவது தெற்கே உள்ளார்மீது சுமத்தப்படுமோ என்னும் ஐயம் நீங்கவில்லை. அவ்வையத்தினின்றே தனிநாட்டுக் கோரிக்கை முளைத்தது. முதலில் அது தமிழ்நாடு தனியாதல் வேண்டும் என்று எழுந்தது. பின்னர்த் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய நான்கு மொழியாரும் சேர்ந்த திராவிட நாடு என்று விரிந்தது.

திராவிட நாட்டுக் கோரிக்கை

அக்காலத்தில் இக்கோரிக்கை விபரீதமானதென்று எவரும் எளிதில் தள்ளிவிடவில்லை. என்னையெனின், இந்தியாவின் வடிவமே அன்று முடிவாகாதிருந்தது. 1942-ஆம் ஆண்டில் சர் ஸ்டாபோர்டு கிரிப்ஸ் கொண்டுவந்த திட்டத்தில், புதிய ஐக்கியத்திற் சேர விரும்பாத மாகாணம் விலகிநிற்கலாம் என்னும் விதி அடங்கியிருந்தது. பெரியாரும் நீதிக்கட்சித் தலைவர் சிலரும் அவரைக் கண்டு தம் கோரிக்கையை முன்வைத்தனர், பயன் விளையவில்லை. அதே ஆண்டில் அண்ணாதுரையார் காஞ்சியிலிருந்து ‘திராவிட நாடு’ என்னும் வார இதழைத் தொடங்கினார். கட்டுரை, சிறுகதை, நாடகம் ஆகிய மூன்றினாலும் அவர் எழுத்து ஊர்தோறும் பரவிற்று. 1944-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் சேலம் மாநாட்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறியபோது, பட்டங்களையும் பதவிகளையும் துறக்க வேண்டுமென்ற தீர்மானங்களைக் கொணர்ந்தவர் அவரே.

ஆசானுக்கும் மாணாக்கருக்கும் இடையே முதல் வேற்றுமை விடுதலை நாளில் வெளிப்பட்டது. 1947-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாளைத் துக்க நாளாகக் கொள்ளுமாறு பெரியார் பணித்தார். ஆங்கிலேயர் ஆதிக்கம் ஒழிவது யாவர்க்கும் மகிழ்ச்சிக்குரியதே என்று அண்ணாதுரையார் தம் இதழில் மறுத்தெழுதினார். தனிநாடு கேட்டவரே இந்திய விடுதலையைக் கொண்டாட வேண்டுமென்றது சிந்திக்கத்தக்கது. பிரிவினையைப் பகைமையினின்றும் வேறாகப் பார்க்கும் மனம் அவருக்கு அன்றே அமைந்திருந்தது என்பது நம் கருத்து. 1948-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஈரோட்டில் கூடிய தனி மாநாட்டிற்கு அவர் தலைமை தாங்கினார். மூத்த தந்தை பெட்டிச் சாவியை மகனிடம் ஒப்படைப்பதுபோலக் கழகப் பொறுப்பை அவரிடம் ஒப்படைக்கும் எண்ணத்தைப் பெரியார் அம்மேடையிற் புலப்படுத்தினார். ஆயினும் ஓராண்டிற்குள் இருவரும் பிரிந்தனர். 1949-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் திராவிட முன்னேற்றக் கழகம் சென்னையில் தோன்றிற்று. பிரிந்த பின்னும் தலைவர் நாற்காலியை ஆசானுக்கென்றே வெறுமையாக விட்டுவைத்தார் அண்ணாதுரையார்.

தேர்தலும் தேய்ந்த கனவும்

இதற்கிடையே இந்திய அரசியற் சட்டம் இயற்றப்பட்டுவந்தது. அச்சட்டத்தின் வரைவை அரசியல் நிர்ணய சபையில் 1948-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் முன்வைத்த டாக்டர் அம்பேத்கர், இந்திய ஐக்கியம் இராச்சியங்கள் தம்முள் செய்துகொண்ட உடன்படிக்கையால் பிறந்ததன்றாதலின், எந்த இராச்சியத்திற்கும் விலகிப்போகும் உரிமை இல்லை என்று விளக்கினார். மேலும், இராச்சியங்களின் எல்லையையும் பெயரையும் மாற்றும் அதிகாரம் பாராளுமன்றத்திற்கே வழங்கப்பட்டது.

அவ்வதிகாரமே பின்னர்த் திராவிட நாட்டுக் கோரிக்கையின் வலியைக் குறைத்தது என்பது நோக்கற்பாலது. 1953-ஆம் ஆண்டில் ஆந்திரம் தனி இராச்சியமாயிற்று. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் மலபார் கேரளத்தோடு சேர்ந்தது. கன்னட நிலங்கள் மைசூரோடு ஒன்றாயின. மொழிவாரி இராச்சியம் கிடைத்தபின், தெலுங்கரும் கன்னடரும் மலையாளிகளும் சென்னையைத் தலைநகராகக் கொண்ட புதியதொரு நாட்டை விரும்பினாரல்லர். நான்கு மொழியாருக்கென்று கேட்ட நாட்டைத் தமிழர் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தனர்.

1956-ஆம் ஆண்டில் திருச்சி மாநாட்டில், தேர்தலில் ஈடுபடுவதென்று கழகம் முடிவு செய்தது. 1957-ஆம் ஆண்டில் அண்ணாதுரையார் காஞ்சியிலிருந்து சட்டசபைக்குச் சென்றார். பெரியாரின் தமையனார் மகனாகிய ஈ. வெ. கி. சம்பத் அவர்கள் நாமக்கல்லிலிருந்து பாராளுமன்றம் புகுந்தார். சில ஆண்டுகளில் சம்பத் அவர்கள், திராவிட நாடு கைகூடாத கனவென்று கருதி, 1961-ஆம் ஆண்டில் கழகத்தை விட்டு நீங்கித் தமிழ்த் தேசியக் கட்சியைக் கண்டார். இங்கே ஒன்று கூறுதல் தகும். இவ்வினாவுக்கு மூன்று விடைகள் உண்டெனின், மூன்றும் ஈரோட்டோடு தொடர்புடையனவே. பெரியார் 1973-ஆம் ஆண்டில் மறையுமளவும் தனித் தமிழ்நாட்டைக் கைவிடவில்லை. சம்பத் அவர்கள் வெளிப்படையாக மறுத்துப் பிரிந்தார். ஈரோட்டில் தொண்டு பயின்ற அண்ணாதுரையார் காலம் கனியும்வரை காத்திருந்து விட்டார். மூவருள் எவர் வழி நேரியது என்பதைப்பற்றி இன்றும் வாதிடுவோர் உளர்.

மாநிலங்களவையில்

1962-ஆம் ஆண்டுத் தேர்தலில் கழகம் 50 இடங்களைப் பெற்றது. ஆனால் அண்ணாதுரையார் காஞ்சியில் தோற்றார். அத்தோல்வியே அவரை டில்லி மாநிலங்களவைக்கு அனுப்பிற்று. அவ்வாண்டு மே முதல் நாள் அவர் அங்கு நிகழ்த்திய முதற் பேச்சு நாடெங்கும் பேசப்பட்டது. தாம் திராவிட இனத்தவர் என்பதில் பெருமை கொள்வதாகவும், அதனால் பிற மொழியார் எவர்க்கும் தாம் பகைவர் அல்லர் என்றும், தென்னாட்டிற்குத் தன்னைத்தானே ஆளும் உரிமை வேண்டுமென்றும் அவர் எடுத்துரைத்தார். இடையிடையே மறுத்தெழுந்த உறுப்பினர்க்கெல்லாம் சினமின்றி விடையளித்தார். நாட்டைப் பிரிக்கக் கேட்கும் ஒருவர், அந்நாட்டின் பாராளுமன்றத்திலேயே நின்று, அதன் விதிகளுக்குட்பட்டு, அதனைக் கேட்டதும், மறுத்தாரும் அதனைச் செவிமடுத்ததும் நம் நாட்டிற்குப் பெருமை தருவனவே.

ஐந்து திங்கள் கழிந்தன. விலைவாசி உயர்வை எதிர்த்த கிளர்ச்சியில் அண்ணாதுரையார் சிறை சென்று மீண்ட அவ்வாண்டிலேயே, அக்டோபர் 20-ஆம் நாள் சீனப் படை இமயத்து எல்லையில் பெருந்தாக்குதல் தொடுத்தது. அண்ணாதுரையார் கோரிக்கையை ஒத்திவைத்து, நாட்டின் பாதுகாப்பிற்குக் கழகம் துணைநிற்கும் என்று அறிவித்தார். யுத்த நிதி திரட்ட ஊர்தோறும் பேசினார்.

பதினாறாவது திருத்தம்

ஆயினும் அரசாங்கம் அதனோடு அமைதி கொள்ளவில்லை. தேசிய ஒருமைப்பாட்டை ஆராய ஏற்பட்ட குழுவொன்று, பிரிவினைப் பிரசாரத்தைச் சட்டத்தால் தடுக்க வேண்டுமென்று பரிந்துரைத்தது. அக்குழுவின் தலைவர் சர் சி. பி. இராமசாமி ஐயர். இவரே 1947-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் திருவிதாங்கூரின் திவானாயிருந்து, அவ்விராச்சியம் இந்தியாவிற் சேராது சுதந்திர நாடாகும் என்று அறிவித்தவர் என்பதை நினைக்குங்கால் காலத்தின் கோலத்தை என்னென்பது!

1963-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அரசியற் சட்டத்தின் பதினாறாவது திருத்த மசோதா பாராளுமன்றத்திற் புகுந்தது. அக்டோபர் 5-ஆம் நாள் சட்டமாயிற்று. இந்தியாவின் இறைமைக்கும் ஒருமைப்பாட்டிற்கும் ஊறு நேராவண்ணம் பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றின்மீது தடைகள் விதிக்க அது இடமளித்தது. தேர்தலில் நிற்போரும் வென்றோரும் அவற்றைக் காப்பதாகப் பிரமாணம் செய்தல் வேண்டும் என்றும் விதித்தது. எனவே, பிரிவினை கேட்கும் கட்சி தேர்தலில் நிற்றல் இயலாதாயிற்று. அண்ணாதுரையார் மாநிலங்களவையில் இதனை எதிர்த்தார். கோரிக்கை தவறாயின் மக்கள் மன்றத்தில் வாதிட்டு வெல்லுதலே முறை. சட்டத்தால் வாயடைத்தல் ஜனநாயகத்திற்கு அழகன்று என்பது அவர் வாதத்தின் சாரம்.

மசோதா நிறைவேறிற்று. அவர்முன் இரு வழிகள் இருந்தன. ஒன்று, கோரிக்கையை வற்புறுத்தித் தேர்தலைத் துறந்து சிறை புகுதல். மற்றொன்று, கோரிக்கையைத் துறந்து மக்களிடம் செல்லுதல். அவர் இரண்டாவதையே கொண்டார். 1963-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் கழகத்தின் குறிக்கோள் விதி மாற்றியெழுதப்பட்டது. இந்தியாவின் இறைமைக்கும் ஒருமைப்பாட்டிற்கும் உட்பட்டு, தென்னாட்டு இராச்சியங்கள் கூடியவரை மிக்க அதிகாரங்களைப் பெற்று நெருங்கி வாழ்தல் என்பதே புதிய குறிக்கோளாயிற்று. அச்சத்தால் விட்டார் என்று ஒரு சாராரும், ஆட்சியாசையால் விட்டார் என்று மற்றொரு சாராரும் பழித்தனர். பிரிவினையை விட்டாலும் அதனைக் கேட்கச் செய்த காரணங்கள் அவ்வாறே உள்ளன என்பதே அவர் தந்த விடை. இவ்விடையை நாம் கூர்ந்து நோக்குதல் வேண்டும். சட்டம் கோரிக்கையைத் தடுக்கலாமேயன்றிக் குறையைத் தீர்த்தல் இயலாது என்பதை அவர் அதனால் உணர்த்தினார்.

1965-ஆம் ஆண்டின் சோதனை

அவ்வுண்மை விரைவிலேயே வெளியாயிற்று. 1965-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் முதல் இந்தியே ஆட்சிமொழியாதற்குரிய காலம் வந்தது. தமிழகமெங்கும் மாணாக்கர் கிளர்ந்தெழுந்தனர். இளைஞர் சிலர் தம்மைத்தாமே தீக்கிரையாக்கிக்கொண்டனர். நம் கொங்கு நாடு அப்பொழுது பட்ட துயரம் எளிதில் மறக்கற்பாலதன்று. பிப்ரவரித் திங்களில் பொள்ளாச்சியில் துப்பாக்கிப் பிரயோகத்தால் பல உயிர்கள் மாண்டன. திருப்பூரில் காவல் துறையின் துணை ஆய்வாளர் இருவர் கும்பலின் சினத்திற்கு இரையாயினர். மாண்டவர் எத்தரப்பினராயினும் அவர்தம் தாய்மார் சிந்திய கண்ணீர் ஒன்றேயன்றோ! பொள்ளாச்சிப் பகுதியிற் பிறந்தவரும் மத்திய மந்திரியுமாயிருந்த சி. சுப்பிரமணியம் அவர்களும், ஓ. வி. அளகேசன் அவர்களும் பதவி விலகல் கடிதம் கொடுத்தனர். பிரிவினையை ஒருகாலும் விரும்பாத அவ்விருவரே அங்ஙனம் செய்ய நேர்ந்தமை, குறை மெய்யானதென்பதற்குப் போதிய சான்றாகும். பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியார், இந்தி பேசாத மக்கள் விரும்புமளவும் ஆங்கிலம் நீடிக்கும் என வானொலியில் உறுதியளித்தார். 1967-ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வுறுதி சட்டத்தினும் இடம்பெற்றது.

ஆட்சியும் மறைவும்

1967-ஆம் ஆண்டுத் தேர்தலில் கழகம் பெரும்பான்மை பெற்றது. மார்ச்சு 6-ஆம் நாள் அண்ணாதுரையார் முதலமைச்சராயினார். தாம் எதிர்த்த திருத்தம் வகுத்த பிரமாணத்தையே, நாட்டின் இறைமையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக, அவர் எடுத்துக்கொண்டார். பதவியேற்கும் முன்னர், பதினெட்டு ஆண்டு பிரிந்திருந்த பெரியாரைத் திருச்சியிற் சென்று கண்டு வணங்கினார். சுயமரியாதைத் திருமணங்கள் சட்டத்தால் செல்லுபடியாயின. 1968-ஆம் ஆண்டில் பள்ளிகளில் தமிழும் ஆங்கிலமுமாகிய இரு மொழிகளே போதும் என்னும் கொள்கை நிலைபெற்றது. சென்னை இராச்சியம் 1969-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் தமிழ்நாடு என்னும் பெயர் பூண்டது. தனிநாடு கேட்டுப் பெறாதவர், ஐக்கியத்தினுள்ளே நின்று, நாட்டின் பெயரைப் பெற்றுத் தந்தார்.

அதே பொங்கற் காலத்தில், ‘ஹோம் ரூல்’ என்னும் ஆங்கில இதழில் தம்பியர்க்கு அவர் எழுதிய கடிதமே அவருடைய இறுதி எழுத்துகளுள் ஒன்றாயிற்று. நம் அரசியற் சட்டம் உருவத்திற் சமஷ்டியாயினும் நடைமுறையில் மத்தியிலேயே அதிகாரத்தைக் குவிப்பதாயிருக்கிறதென்றும், அதனை மக்களுக்கு அறிவுறுத்துதலே தாம் பதவியிலமர்ந்ததன் பயன்களுள் ஒன்றென்றும் அதில் உணர்த்தினார். புற்றுநோயால் நலிந்து, நியூயார்க்கில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு மீண்டிருந்த அவர், 1969-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் உயிர் நீத்தார். அவர் ஆண்ட காலம் ஈராண்டும் நிரம்பவில்லை. சென்னைக் கடற்கரையில் அவரை அடக்கம் செய்த நாளில் இலட்சக்கணக்கான மக்கள் திரண்டனர். அவர் விட்டுச்சென்ற எண்ணத்தினின்றே, மத்திய அரசுக்கும் மாநில அரசுகளுக்கும் உள்ள உறவை ஆராயும் இராசமன்னார் குழு அவ்வாண்டிலேயே அமைந்து, 1971-ஆம் ஆண்டில் தன் அறிக்கையைத் தந்தது.

பிற நாட்டுப் படிப்பினை

இனி, பிற நாடுகளில் இவ்வினாவுக்குக் கண்ட விடைகளையும் சுருங்க நோக்குவோம். அமெரிக்க ஐக்கியத்தினின்று 11 இராச்சியங்கள் அடிமை முறையைக் காக்கும்பொருட்டு விலக முயன்றமையால், 1861 முதல் 1865 வரை போர் மூண்டு ஆறு இலட்சத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர். தன்னிச்சையாகப் பிரிந்துபோகும் உரிமை இல்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1869-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. சோவியத் நாடோ, விலகும் உரிமையைச் சட்டத்தில் எழுதிவைத்து, அதனைக் கேட்போரை மட்டும் ஒறுத்தது. 1991-ஆம் ஆண்டில் அவ்வைக்கியமே கலைந்தது. கனடா நாட்டு உச்ச நீதிமன்றம் 1998-ஆம் ஆண்டில் ஒரு நடுவழி கண்டது. கியூபெக் மாகாணம் தானாக விலகல் ஆகாது. ஆயினும் அதன் மக்கள் தெளிவான வினாவிற்குத் தெளிவான பெரும்பான்மையால் விடைதருவாராயின், ஏனையோர் அதனோடு பேசித் தீர்த்தல் கடமையாம் என்பதே அத்தீர்ப்பு. தமிழும் ஆட்சிமொழிகளுள் ஒன்றாய் விளங்கும் சிங்கப்பூர், 1965-ஆம் ஆண்டில் மலேசியாவினின்று போரின்றிப் பிரிந்தது. அன்றும் சோகூரிலிருந்து நீர்பெறும் உடன்படிக்கைகளை விடாது காத்துக்கொண்டது. வரப்பைப் பிரித்தும் கிணற்றைப் பொதுவில் வைத்தாற்போல்வது அது.

இவையனைத்தினும் நம் உள்ளத்தைத் தொடுவது ஈழத்தின் செய்தியே. திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றிய 1949-ஆம் ஆண்டிலேயே, இலங்கையில் செல்வநாயகம் அவர்கள் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார். அவர் யாழ்ப்பாணத்து மிஷன் கல்லூரியிற் பயின்ற கிறிஸ்தவர், அறவழி வழுவாதவர். அவர் தொடக்கத்திற் கேட்டது பிரிவினையன்று, சமஷ்டியே. ஆனால் 1956-ஆம் ஆண்டில் சிங்களம் ஒன்றே ஆட்சிமொழியாயிற்று. 1957-ஆம் ஆண்டில் பிரதமர் பண்டாரநாயக்கர் அவருடன் செய்த ஒப்பந்தம் மறு ஆண்டே கிழிக்கப்பட்டது. 1965-ஆம் ஆண்டின் ஒப்பந்தமும் நிறைவேறவில்லை. 1976-ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் எழுந்தது. 1983-ஆம் ஆண்டில் இலங்கை தன் ஆறாவது திருத்தத்தால் பிரிவினை பேசுவதைத் தடுத்துப் பிரமாணம் கேட்டது. தமிழ் உறுப்பினர் அதனைச் செய்யாது பாராளுமன்றத்தை இழந்தனர். அதன்பின் 2009-ஆம் ஆண்டு வரை நிகழ்ந்த அழிவை நாம் கூறவும் வேண்டுமோ?

ஒரே தன்மையான சட்டம் இரு நாடுகளில் இருவேறு பயன் விளைத்ததன் காரணம் யாது? இந்தியாவில் ஒரு கதவு அடைபட்டபோது ஏனைய கதவுகள் திறந்திருந்தன. மொழிவாரி இராச்சியம் இருந்தது. தேர்தலில் வென்று ஆளும் வழி இருந்தது. மொழியைப்பற்றிய உறுதி சட்டமாயிற்று. இலங்கையில் ஏனைய கதவுகள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டபின் இறுதிக் கதவிற்கும் பூட்டு விழுந்தது. ஆதலின், 1949-ஆம் ஆண்டில் பிரிவினை கேட்டவர் தன்னாட்சியில் அமைதி கண்டனர். அவ்வாண்டில் தன்னாட்சி கேட்டவர் பிரிவினையில் வந்து நின்றனர்.

முடிவுரை

இவற்றினின்று நாம் கொள்ளும் முடிவு இது: விலகும் உரிமையை அரசியற் சட்டத்தில் எழுதிவைத்தல் நன்றன்று. எழுதிவைப்பின், ஒவ்வொரு பிணக்கிலும் பிரிந்துபோவேன் என்னும் அச்சுறுத்தலே முதற்கண் நிற்கும். பிரியும் நாட்டினுள் சிறுபான்மையராய் வாழ்வோரின் கதியும் ஐயத்திற்கிடமாகும். நம் கோயம்புத்தூர் மக்கள் பருகும் சிறுவாணி நீர் மலபார்ப் பகுதியினின்று வருவது. முன்னர்ச் சென்னை மாகாணத்திற்குட்பட்டிருந்த அவ்விடம் 1956-ஆம் ஆண்டு முதல் கேரளத்தின்கண் உள்ளது. ஈரோட்டைத் தழுவியோடும் காவிரி குடகிற் பிறப்பது. ஒரே நாட்டின் இராச்சியங்களுக்கிடையிலேயே இத்துணை வழக்குகள் நிகழும்போது, அவை அயல்நாடுகளாயின் வழக்கை யார் தீர்ப்பார்?

எனினும், பிரியும் உரிமையை மறுக்கும் ஐக்கியத்திற்குப் பொறுப்பு இரட்டிப்பாகிறது. வெளியேறும் வாயிலை அடைத்தவன் வீட்டினுள்ளே யாவர்க்கும் இடம் தருதல் வேண்டும். குறை கூறுவாரைத் துரோகியென்று தூற்றலாகாது. அவர் கேட்பது பிரிவினையே ஆயினும், அதனைச் சொல்லாற் கேட்குமளவும் சொல்லாலேயே விடைதருதல் வேண்டும். அச்சுறுத்தல் இன்றேல் டில்லி செவிசாய்த்திராது என்று கூறுவாரும் உளர். அதில் சிறிது உண்மையும் உண்டு. அதனாலேயே, அச்சுறுத்தாமலே கேட்கப்படும் குரலுக்கு மதிப்பளிக்கும் முறைகளை நாடு வளர்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

மாணாக்கர்காள்! அண்ணாதுரையார் திருப்பூர் மேடையில் ஏறியபோது உங்களினும் சிறிதே மூத்தவர். அவர் கேட்ட நாட்டை அவர் பெறவில்லை. ஆயினும் தம் கோரிக்கையை மாற்றிக்கொள்ளும் துணிவும், மாற்றிய பின்னும் அதன் காரணங்களை மறவாத நேர்மையும் அவர்பால் இருந்தன. பொள்ளாச்சியிலும் திருப்பூரிலும் 1965-ஆம் ஆண்டில் மாண்டவர்களை நினைத்துக்கொண்டு, ஐக்கியம் என்பது சட்டத்தால் மட்டும் நிற்பதன்று என்பதை உணர்வீர்களாக. கிணற்றின் முறை தவறாமற் காத்தல் மூத்தவனுக்கும் கடமை, இளையவனுக்கும் கடமை.